கறுப்புத் திரையிடம் நாங்கள் கேட்டவை

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மலிவான புத்தகம், அட்டையில் ஒரு பூனைப் படம். உள்ளே முப்பத்தேழு குறைகள், இரண்டு கையெழுத்தில். ஒன்று என்னுடையது, இன்னொன்று என் தோழியுடையது. முப்பத்தேழும் ஒரே ஆளைப் பற்றியவை: கிள்ளானில் நாங்கள் வேலை பார்த்த லோரி கம்பெனியின் சர்வர்.

சர்வர் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பின்னறையில், ஏர்கோனுக்குக் கீழே, இரும்பு அலமாரிக்குள் உட்கார்ந்திருந்த ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் ஒன்றை அதில் போட்டிருந்தார்கள். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நிற்கும். நாம் கட்டளையைத் தட்ட வேண்டும், அது செய்யும். லோரி ஓட்டுநர்கள் சரக்கு இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கி வரும் தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து அதற்குள்தான் வைத்திருந்தோம். கடைசி ஆறு வருடத் தாள்கள்.

நாங்கள் இருவரும் கெராணியாக, கணக்கெழுதச் சேர்ந்தவர்கள். கணினி படித்த ஒருவர் இதையெல்லாம் அமைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க மா" என்றார். வீடியோ பார்த்து, தப்பு செய்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டோம். கொஞ்ச நாளில் எனக்கு அந்தக் கறுப்புத் திரை பிடித்துப்போனது. பிடித்த ஆளிடம்தானே குறை சொல்லத் தோன்றும்.

என் வீடு பிரிக்பீல்ட்ஸில். சென்ட்ரலில் ரயில் ஏறி, பெண்கள் பெட்டியில் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டு போவேன். சுபாங் ஜெயாவில் அவள் ஏறுவாள். கைப்பையை எடுப்பேன், அவள் உட்காருவாள், பூனைப் புத்தகம் வெளியே வரும். கிள்ளான் வரும்வரை குறை எழுதுவதுதான் பொழுதுபோக்கு. மற்றவர்கள் மாமியாரைப் பற்றிப் பேசும் பெட்டியில் நாங்கள் சர்வரைத் திட்டிக்கொண்டு போனோம்.

முதல் குறை என்னுடையது. "வேலை முடிந்தால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்." இந்த இயங்குதளத்துக்கு ஒரு திமிர் உண்டு. தப்பு நடந்தால்தான் வாயைத் திறக்கும். சொன்னதைச் சரியாகச் செய்துவிட்டால் ஒன்றும் சொல்லாது, அடுத்த கோடு மினுக்கும். ஆயிரம் கோப்புகளை நகர்த்தச் சொன்னாலும் அதே மௌனம். செய்ததா, கேட்கவே இல்லையா என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்போம். "ஆச்சு" என்று மூன்று எழுத்து போட்டால் குறைந்தா போய்விடும்?

நான்காவது, கடவுச்சொல். தட்டும்போது திரையில் ஒன்றுமே வராது. ஒரு புள்ளிகூட வராது. எத்தனை எழுத்து போட்டோம் என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்பதாவது, குப்பைத் தொட்டி. அழி என்றால் அழித்துவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. வீட்டுக் குப்பையைக்கூட லோரி வரும்வரை வாசலில் வைத்திருக்கிறோம், வேண்டுமென்றால் போய்க் கிளறலாம். பன்னிரண்டாவது, நாம் எந்தக் கோப்புறைக்குள் நிற்கிறோம் என்பதைப் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். பேரங்காடி வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து "நீங்கள் இங்கே" என்று போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. பத்தொன்பதாவது அவள் கையெழுத்து: "திட்டாம பேசணும்." திரையில் வரும் பிழைச் செய்திகளைப் பற்றியது.

இருபத்திரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் தட்டும் கட்டளைகளையெல்லாம் அது ஒரு பட்டியலாக நினைவில் வைத்திருக்கும். மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் கடைசியாகத் தட்டிய கட்டளை திரும்ப வந்து நிற்கும். அதற்குள் நுழைய எங்கள் இருவருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அதனால் கடைசியாகத் தட்டியது அவளா நானா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. பட்டியலில் கட்டளை இருக்கும், எப்போது தட்டியது என்பது இருக்காது. "நேரமும் போட வேண்டும்" என்று எழுதினேன். மறுநாள் அவள் அதன் பக்கத்தில் ஒரு டிக் போட்டு எழுதினாள்: "இது ஏற்கனவே இருக்கு லா. ஒரு வரி சேர்த்தா போதும். சேர்த்துட்டேன்."

போய்ப் பார்த்தேன், நேரம் ஒன்றும் தெரியவில்லை. சொன்னதற்கு, "ஏதோ சரியில்ல போல, அப்புறம் பாக்குறேன்" என்றாள். பிறகு இருவரும் மறந்துபோனோம்.

பதினோரு வருடம் இப்படிப் போனது. கடைசி வருடத்தில் முதலாளி சுபாங் ஜெயாவில் ஒரு கிளை திறக்க முடிவு செய்தார். தீபாவளி முடிந்ததும் நான் அதற்குப் பொறுப்பாகப் போக வேண்டும் என்று என் தோழியை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன். பட்டிருக்கவும் கூடும். இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. லோரி கம்பெனிக்கு அதுதான் பெரிய நாள். முதல் நாளே எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட வேண்டும். லோரிகளைக் கழுவுவார்கள், மேசை இழுப்பறைகளைக் காலி செய்வார்கள், பழைய காலண்டர்கள் குப்பைக்குப் போகும். ஒரு வருடம் முதலாளி பின்னறைக்குள் எட்டிப் பார்த்து, "வெளிய தொடச்சா போதுமா? உள்ள இருக்கிற குப்பையையும் எடுங்க மா" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சர்வருக்குள்ளும் கூட்டிப் பெருக்குவது வழக்கமாகிவிட்டது. ஸ்கேனர் மிச்சம் விட்டிருக்கும் கோப்புறை என் பங்கு, பிரிண்டர் கோப்புறை அவள் பங்கு. கட்டளை ஒன்றுதான்: இங்கே இருப்பதையெல்லாம் கேட்காமல் அழி. எந்தக் கோப்புறைக்குள் நிற்கிறோமோ, அதுதான் "இங்கே." உள்ளே நுழைந்ததும் அது நம்மைத் தாள்கள் இருக்கும் கோப்புறையில்தான் நிறுத்தும், அங்கிருந்து நாம்தான் நகர வேண்டும்.

அந்த வருடம் முதல் நாள் மாலை என் பங்கை முடித்தேன். "உன்னோடது ஆச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு ஆச்சு" என்றாள்.

பூஜையன்று காலையில் பெட்டிக்கும் திரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். விசைப்பலகைக்கு வைக்க மாட்டேன், ஓட்டைக்குள் போய்விடும். வைத்த பிறகு மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. வெளியே முற்றத்தில் ஏழு லோரிகளும் மாலை போட்டு நின்றன. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தட்டு என் கையில். கற்பூரம் ஏற்றப் போகும்போது தீப்பெட்டியைக் காணோம். குங்குமக் கிண்ணத்தோடு நின்றிருந்த அவள், கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, "நான் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள். வருவதற்குள் எல்லோரும் லோரிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பிறகு தீப்பெட்டி வந்தது, கற்பூரம் எரிந்தது, லோரிகள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கின, சுண்டல் சாப்பிட்டோம். மதியத்தோடு விடுமுறை. ரயிலில் அவள் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினாள். தலைவலி என்றாள். சுபாங் ஜெயாவில் இறங்கும்போது என்னிடமிருந்த தைலத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் விஜயதசமி. வழக்கம்போல ஏழரைக்குப் போனேன். எந்த வேலையையும் புதிதாகத் தொடங்கும் நாள், முதல் கட்டளை என்னுடையதாக இருக்கட்டும் என்று ஒரு சின்ன ஆசை. எண்டர் பொத்தானில் குங்குமம் ஈஷியிருந்தது. காற்றில் உதிர்ந்திருக்கும் என்று டிஷ்யூவால் துடைத்தேன். துடைத்துவிட்டு, தினமும் காலையில் நான் தட்டும் கட்டளையைத் தட்டினேன். பெட்டியில் இருப்பதை இன்னொரு வட்டுக்கு அப்படியே நகலெடுக்கச் சொல்லும் கட்டளை அது. பெட்டியில் எது இல்லையோ அதை நகலிலிருந்தும் அழித்துவிடும். வேலை முடிந்தது. அது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு ஓர் ஓட்டுநர் வந்து பழைய தாள் ஒன்றைக் கேட்டார். கோப்புறையைத் திறந்தேன், காலி. நகலைத் திறந்தேன், அதுவும் காலி.

அதற்குள் என் தோழியும் வந்திருந்தாள். கட்டளைப் பட்டியலைப் பார்த்தோம். கடைசியில் என் நகல் கட்டளை. அதற்கு மேலே, ஒன்றன் கீழ் ஒன்றாக, இரண்டு தடவை அந்த அழிக்கும் கட்டளை. அச்சு அசலாக ஒரே மாதிரி. ஒன்றை நான் தட்டியது நினைவிருந்தது. இன்னொன்று?

"முந்தாநாள் சாயங்காலம் நீதானே கிளீன் பண்ணுன" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு தடவதான் பண்ணேன்."

"மேல் அம்ப அழுத்தியிருப்ப லா. எடம் மாறி நின்னிருப்ப. களைப்புல நமக்கே தெரியாது."

"உன்னோடது?"

"என்னோடது நான் மத்தியானமே முடிச்சிட்டேன். அது மேல எங்கயாவது இருக்கும்."

நான் மேலே தேடிப் பார்க்கவில்லை. தேடியிருக்கலாம். அவள் என் தோளில் கை வைத்திருந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். முதலாளி உள்ளே வந்தபோது, யாரும் கேட்கும் முன்பே, "நான்தான் பாஸ்" என்றேன்.

அந்தப் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அன்றே பூட்டிவிட்டார்கள். புதிய கடவுச்சொல் அவளுக்கு மட்டும் கிடைத்தது. தீபாவளிக்குப் பிறகு சுபாங் ஜெயாவுக்கு அவள் போனாள். நான் முன்பக்கக் கவுண்டருக்கு வந்தேன். ஓட்டுநர்கள் மாதக்கணக்கில் வாடிக்கையாளர்களிடம் போய்ப் பழைய தாள்களுக்கு நகல் கேட்டு அலைந்தார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. "பரவால்ல அக்கா, மனுஷங்கதானே" என்றார் ஒருவர். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பதவி போனது வலித்தது, மறுக்கவில்லை. அதைவிட மோசம், என் கைமேல் எனக்கிருந்த நம்பிக்கை போனது. எனக்குத் தெரியாமலே என் விரல் ஒரு பொத்தானை அழுத்தக்கூடும் என்றால், வேறென்ன செய்யாது? கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பேன். யாருக்காவது செய்தி அனுப்புவதென்றால் மூன்று தடவை படிப்பேன், படித்துவிட்டுச் சில சமயம் அனுப்பாமலே அழித்துவிடுவேன். சாப்பிட்டாயா என்று கேட்டு அக்காள் அனுப்பும் செய்திக்குப் பதில் போக ஒரு மணி நேரமாகும். மூன்று வருடம் இப்படித்தான் இருந்தேன். இது என் தோழிக்குத் தெரியும். ரயிலில் எப்போதாவது பார்த்தால், "இன்னும் அதையே நெனச்சிக்கிட்டு இருக்கியா, விடு" என்று ஆறுதல் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அதற்காக அவளிடம் நன்றியோடு இருந்தேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

போன மாதம் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிப் போட முடிவானது. புதிய இயந்திரம் வந்துவிட்டது. என் தோழிக்குக் கிளையில் வேலை அதிகம். "உனக்குத்தான் பழக்கம், தேவையானது ஏதாவது இருந்தா எடுத்து வை மா" என்று முதலாளி புதிய கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கோடு மினுக்கியது. பூட்டிய பழைய பெயரின் கோப்புகளுக்குள் கட்டளைப் பட்டியல் அப்படியே உறைந்து கிடந்தது. முன்பெல்லாம் பட்டியலைக் காட்டு என்று அதனிடம் கேட்டுத்தான் பார்ப்போம். இந்தத் தடவை கோப்பையே நேராகத் திறந்தேன்.

ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே ஒரு பத்து இலக்க எண் இருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு இருபத்திரண்டாவது குறையும், பக்கத்தில் அவள் போட்ட டிக்கும் நினைவுக்கு வந்தன. அவள் அந்த ஒரு வரியைச் சேர்த்துத்தான் இருக்கிறாள். பாதியாகச் சேர்த்திருக்கிறாள்: நேரத்தை எழுதி வைக்கச் சொன்னவள், அதைத் திரையில் காட்டச் சொல்லவில்லை. அதுவும் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

அந்த இயங்குதளம் நேரத்தை நொடிக் கணக்கில் ஒரே எண்ணாகத்தான் எழுதி வைக்கும், அந்த எண்ணை நேரமாக மாற்ற ஒரு கட்டளை உண்டு. மூன்று தடவை படித்துவிட்டுத் தட்டினேன். முதல் அழிப்பு, பூஜைக்கு முதல் நாள் மாலை ஐந்து பத்து. அது நான். இரண்டாவது, பூஜையன்று காலை பதினொன்று நாற்பது. மேலே போய்த் தேடினேன். முதல் நாள் மத்தியானம் அவள் சுத்தம் செய்ததற்கு ஒரு வரிகூட இல்லை.

போனில் பழைய படங்களைத் தேடினேன். லோரிக்கு முன்னால் எல்லோரும் நிற்கிறோம், என் கையில் தட்டு. முதலாளி, ஓட்டுநர்கள், தேநீர் போடும் அக்கா, எல்லோரும் இருக்கிறார்கள். அவள் மட்டும் இல்லை. படம் எடுத்த நேரம் பதினொன்று நாற்பத்தொன்று. எண்டர் பொத்தானில் இருந்த குங்குமத்தை நானே என் கையால் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் கிள்ளானுக்குப் போகவில்லை. சுபாங் ஜெயாவில் இறங்கினேன். எனக்கென்று சொன்ன அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, கீழே மாமாக் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போய், எனக்குப் பிடித்த மாதிரி சீனி குறைத்து தே தாரிக் சொன்னாள். பூனைப் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். "அலமாக், இத இன்னும் வெச்சிருக்கியா?" என்று சிரித்துப் புரட்டினாள். இருபத்திரண்டாவது குறை இருந்த பக்கத்தில் நான் செருகியிருந்த தாளில் அந்த இரண்டு எண்களும் இரண்டு நேரங்களும் இருந்தன. படித்தாள். சிரிப்பு நின்றது.

"பாஸ்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

அதுதான் முதல் கேள்வி.

"இல்ல. நீ சொல்லு, எனக்கு."

"பிரிண்டர் ஃபோல்டர கிளீன் பண்ண மறந்துட்டேன். உன்கிட்ட ஆச்சுன்னு வேற சொல்லிட்டேன். தீப்பெட்டி எடுக்கப் போனப்ப ஞாபகம் வந்துச்சு. பூஜைக்கு முன்னால முடிச்சிடலாம்னு அவசரத்துல மேல் அம்ப அழுத்துனேன். உன்னோட கட்டளைதான் வந்துச்சு. எண்டர் தட்டுனேன். எடத்த பாக்கல." தாளை மறுபடி புத்தகத்துக்குள் செருகிவிட்டு, "யோசிச்சா அது உன்னோட கட்டளைதானே" என்றாள்.

"தப்பா போச்சுன்னு எப்ப தெரியும்?"

"அப்பவே."

"அன்னிக்கு ரயில்ல என் பக்கத்துலதான உக்காந்திருந்த. ராத்திரிக்குள்ள ஒரு போன் பண்ணியிருந்தா நான் காலையில நகல் எடுத்திருக்க மாட்டேன். எல்லாம் அந்த வட்டுல அப்படியே இருந்திருக்கும்."

"காலையில வந்து நகல்லேருந்து எடுத்து வெச்சிடலாம்னு நெனச்சேன். நீ அவ்வளவு சீக்கிரமா வருவன்னு தெரியாது."

"பதினோரு வருஷமா நான் ஏழரைக்குத்தான் வரேன்."

அவள் கண்ணாடிக் குவளையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு, என்மேல் குறை சொல்வது போன்ற குரலில், "நான் சொல்றதுக்குள்ள நீயே ஒத்துக்கிட்ட. அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. தப்பு செய்தது மன்னிக்கக்கூடியது. அவசரத்தில் அதே தப்பை நானும் செய்திருப்பேன். ஆனால் செய்யாத தப்பை நான் செய்ததாக நம்பிக்கொண்டு மூன்று வருடம் என் கையைப் பார்த்து நான் பயந்ததை, பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, தோளில் தட்டிக்கொடுத்தாளே. அதை எந்தப் பெயரால் மன்னிப்பது?

"இப்ப சொல்லி என்ன லா ஆகப் போகுது" என்றாள். "பழைய பெட்டி, தூக்கிப் போடப் போறாங்க."

தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

ரயில் மேடையில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினேன். முப்பத்தேழில் நிறைவேறியது அந்த ஒன்றுதான். நான் கேட்டது, அவள் செய்து கொடுத்தது. போனை எடுத்து முதலாளிக்கு எழுதினேன். பூஜையன்று காலை பதினொன்று நாற்பதுக்கு அந்தக் கட்டளையைத் தட்டியது யார், அப்போது நான் எங்கே நின்றிருந்தேன், முதல் நாள் மாலை தட்டியது எந்தக் கோப்புறை, எல்லாம். இரண்டு எண்களையும், முற்றத்தில் எடுத்த படத்தையும் சேர்த்தேன். எழுதி முடிப்பதற்குள் அவளிடமிருந்து இரண்டு அழைப்புகள் வந்து நின்றன.

கிள்ளான் ரயில் வந்து கதவு திறந்தது. பெண்கள் பெட்டியில் ஏறி, நின்றபடியே அனுப்பினேன். ஒரு தடவைகூடத் திரும்பப் படிக்கவில்லை.